இருபத்தாறு டிகிரி

"கழட்டுங்க மாப்பிள்ள, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

மாப்பிள்ளை மீன்தொட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை நுழைத்து, பிளக்கைப் பிடித்திருந்தான். பிடித்திருந்தானே தவிர இழுக்கவில்லை. வாசற்படியை ஒட்டி ஃப்ரீசர் பெட்டிக்காரர் ஒயரின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் மாமா படுத்திருந்தார். பெட்டி இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் இளைய மகள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் மாமாவைக் குளிரில் வைத்திருக்க வேண்டும்.

ஹாலில் பெரிய பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். அதில் ஓடிக்கொண்டிருந்தது சில்லர், கடல்மீன் தொட்டியின் தண்ணீரைச் சூடேறாமல் பார்த்துக்கொள்கிற கருப்புப் பெட்டி.

"மாப்பிள்ள!" என்றான் மச்சான் மறுபடியும். மனைவியின் அண்ணன். குரலை அடக்கித்தான் பேசினான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறான் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை இழுத்தான். சில்லர் ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றது. அதன் முகப்பில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த இருபத்தாறு அணைந்துபோயிற்று.

பெட்டிக்காரர் தன் ஒயரைச் செருகினார். பெட்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் சுவரிலிருந்த மெயின் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"பழைய லைன் மாதிரி தெரியுதுங்க. மொத்த வீட்டுக்கும் ஒண்ணுதானா? இது ஓடறவரைக்கும் வேற எதையும் பெரிசா போட்றாதீங்க. அப்புறம் எல்லாம் சேந்து நின்னுடும்."

"யாரும் போட மாட்டாங்க," என்றான் மச்சான், மாப்பிள்ளையைப் பார்த்து.

அந்த வீட்டில் அவனுக்கு மாப்பிள்ளை என்பதுதான் பெயர். கண்ணாடிக் கடையின் பின்கட்டில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை. அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் ஆனபோது ஒத்தாசைக்கென்று மனைவியோடு வந்தவன், அத்தை எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் போகவில்லை. "எதுக்குப் போகணும்? இந்த வீட்ல இடமா இல்ல?" என்று தடுத்தவர் மாமா. வீட்டோடு மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அந்தச் சிரிப்பு முதுகில் உறுத்தும்.

காலையில் மாமா காபி குடித்தார். தொட்டிக்கு எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் மீனைப் பார்த்து, "என்ன மாப்பிள்ள, நம்ம இன்ஸ்பெக்டர் இன்னிக்கு ரவுண்ட்ஸ் கிளம்பலயா?" என்றார். தொட்டியின் நாலு மூலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மீன் அது. கீழே விழுந்த பேப்பரை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பைக்குள் போட்டபோதுதான் அத்தைக்கே விளங்கியது.

முந்தின நாள் சாயங்காலம் மாமா சொல்லியிருந்தார்: "சில்லர் வலையில தூசி அடைச்சிருக்கு மாப்பிள்ள. நாளைக்குக் கழுவிடலாம், ரெண்டு பேருமா." கழுவவில்லை.

ஹாலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. நல்ல கோடை. வருகிற ஒவ்வொருவரும் தங்கள் உடம்புச் சூட்டையும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது போலிருந்தது. மாப்பிள்ளை நாற்காலி எடுத்துப் போட்டான், செருப்புகளை ஒதுக்கினான், பூமாலைகளை வாங்கி வைத்தான். நடுநடுவே கண் தொட்டிக்குப் போனது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன வெப்பமானியில் கோடு இருபத்தேழைத் தாண்டியிருந்தது.

சமையலறை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பாட்டில்கள் இருப்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. கரண்ட் போனால் ஆபத்துக்கு உதவட்டும் என்று மாமா தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பி உறையவைத்திருப்பார். மூடியைத் திறக்காமல் அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டால் போதும். அவன் சமையலறைக்கு விரைந்தான்.

அங்கே சித்தி பெரிய பாத்திரம் ஒன்றில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் தங்கை. யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து சமையலறையைக் கையில் எடுத்துக்கொள்கிறவள்.

"சித்தி, ஃப்ரீசர்ல பாட்டில்ல ஐஸ் இருந்துச்சே?"

"அதுவா? நல்லவேள, வெச்சிருந்தீங்க. வர்றவங்களுக்கு ஜில்லுனு ஒரு வாய் தண்ணி குடுக்கணும்ல? கத்தியால பாட்டில அறுத்து, உடைச்சு எல்லாத்தையும் இதுல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். இந்த வெயில்ல எது காணும்? இந்தாங்க, முதல்ல நீங்க குடிங்க. முகமே வாடிக் கெடக்கு. காலையிலேருந்து ஒரு வாய் ஏதாவது உள்ள போச்சா?"

டம்ளரை அவன் கையில் திணித்தாள். அப்படிப்பட்ட மனுஷியின்மேல் எப்படிக் கோபப்படுவது? மீன்களுக்கென்று மாமா உறையவைத்த தண்ணீரை மாப்பிள்ளை நின்றபடியே குடித்து முடித்தான். நெஞ்சுவரை குளிர்ந்தது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

இந்தச் சில்லர் வாங்கப் போன நாளை அவன் மறக்கவே முடியாது. மாமா வேலை பார்த்த காலம் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றபின் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்கிய வலிகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்தவர். அப்போது மாமனாரும் மருமகனும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சாப்பிட்டாச்சா மாப்பிள்ள?" "ஆச்சு மாமா." அதோடு சரி. தொட்டி வந்தபிறகுதான் பேச்சு வந்தது. உப்பு எவ்வளவு, விளக்கு எத்தனை மணி நேரம் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும்.

முதல் கோடையிலேயே தண்ணீர் சூடாகி இரண்டு மீன் போயிற்று. சில்லர் வாங்கக் கிளம்பினார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். மாமாவுக்குச் சின்னது பிடித்துவிட்டது. கைக்கு அடக்கமாக, சத்தமில்லாமல் இருந்தது. "உங்க தொட்டிக்கு இதுவே போதும் சார்," என்றார் கடைக்காரரும். மாப்பிள்ளை ஒரு வாரமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். சொல்வதா வேண்டாமா என்று நாக்கு புரண்டது. மாமனார் ஒன்று சொன்னபின் எதிர்ப்பேச்சு பேசியதே இல்லை.

"மாமா... போதும்தான். ஆனா தொட்டித் தண்ணிய மட்டும் கணக்குப் பாத்தாப் பத்தாது. பம்பு சூடு, லைட்டு சூடு, நம்ம ஹால் சூடு எல்லாம் இருக்கு. சின்னது வாங்கினா வெயில்காலத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். கொஞ்சம் பெரிசு வாங்கினா, தண்ணி குளிர்ந்ததும் நிக்கும். நடுநடுவுல அதுக்கு ஓய்வு கெடைக்கும்."

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தான். அவர் கடைக்காரர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள சொல்றதக் குடுங்க," என்றார்.

அந்தக் குடும்பத்தில் அவன் சொல் ஒன்று அம்பலம் ஏறியது அன்றுதான். வாங்கி வந்ததைத் தொட்டியின் அடியிலிருந்த அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். புழுக்கத்தில் அது மறுநாளே மயங்கி நின்றது. மாமா சிரித்துவிட்டார். "மனுஷன அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டி வேலை செய்யின்னா செய்வானா? அதுக்கும் மூச்சு விட எடம் வேணும் மாப்பிள்ள." வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தார்கள். இருபத்தாறில் நிறுத்தினார்கள். அதிலும் அவருக்கு ஒரு கட்சி இருந்தது. "இன்னும் கொறைக்காதீங்க. கடல் என்ன ஃப்ரிட்ஜா?"

அத்தை மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. "எனக்கு வாய்ச்ச சக்களத்தி" என்றுதான் தொட்டியைச் சொல்வாள்.

இப்போது வெப்பமானி இருபத்தெட்டைக் காட்டியது. தண்ணீர் சூடானால் அதிலிருக்கிற காற்று குறையும். மீனுக்கு மூச்சு வாங்கும். கோடு போட்ட ஜோடி மீன் இரண்டும் ஏற்கெனவே மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாப்பிள்ளை யாரும் பார்க்காத சமயத்தில் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, மேஜை விசிறியைக் கொண்டுவந்து தண்ணீர்ப்பரப்பில் காற்று படும்படி வைத்தான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மச்சானின் ஆபீஸ் மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மச்சான் விசிறியைத் தூக்கி அவர் பக்கம் திருப்பி வைத்தான். துக்கம் விசாரிக்க வந்தவரிடமிருந்து காற்றைப் பிடுங்கி மீனுக்குக் கொடுக்க முடியுமா?

மேலாளர் போவதாக இல்லை. இன்ஸ்பெக்டர் மீன் தன் ரவுண்டை விட்டுவிட்டு ஒரு மூலையில் சாய்ந்து நின்றது.

"கடவுளே, என்ன பண்ணட்டும்?" என்று மாப்பிள்ளை மனதுக்குள் கேட்டான். நினைக்கவே வெட்கமாகவும் இருந்தது. காலையில் மாமாவுக்காகக்கூட இவ்வளவு வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ள அவர் நேரமே கொடுக்கவில்லை.

அந்தப் பதற்றத்தில்தான் அப்படிச் செய்தான். அலமாரியிலிருந்து நீள ஒயரை எடுத்துச் சமையலறை பிளக்கில் செருகி, சுவரோரமாக ஹாலுக்கு இழுத்தான். பத்து நிமிஷம் ஓடினால் போதும், ஒரு டிகிரியாவது இறங்கும். சமையலறையில் சித்தி காபிக்காகக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. ஹாலில் எதிர்வீட்டுப் பெரியவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கண்களை மூடிப் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்திருந்தார். "இந்த ஆத்மாவுக்கு நல்ல நிழலான இடத்தைக் கொடு..." மாப்பிள்ளை தொட்டிக்குப் பின்னால் குனிந்து சில்லரை மாட்டினான்.

மெயின் போர்டில் 'டப்' என்று ஒரு சத்தம். மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. தொட்டியின் விளக்கு அணைந்தது. ஃப்ரீசர் பெட்டியின் உறுமல் ஒரு பெருமூச்சோடு அடங்கிற்று.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். தரையில் நெளிந்து கிடந்த ஒயரை முதலில் பார்த்தவன் மச்சான்தான். அதன் வழியே பார்வையை ஓட்டிக்கொண்டு வந்து, முனையில் மாப்பிள்ளையைக் கண்டான்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" இப்போது குரலை அடக்கவில்லை. "உள்ள படுத்திருக்கறது எங்கப்பா! எங்கப்பாவுக்கு வர்ற கரண்ட்ட எடுத்து மீனுக்குக் குடுக்கறீங்களா? உங்களுக்கென்ன, வீட்டோட வந்து உக்காந்தாச்சு, யாரு செத்தா என்ன..."

யாரோ அவன் கையைப் பிடித்தார்கள். வாக்கியம் அந்தரத்தில் நின்றது. இத்தனை நாள் சிரிப்போடு வந்த வார்த்தை முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் வந்திருந்தது.

மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கினான். போய் மெயினைத் தூக்கிவிட்டான். பெட்டி மறுபடியும் ஓடியது. யார் முகத்தையும் பார்க்காமல் ஒயரை முழங்கைக்கும் விரலுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி மடித்து, வெளியே மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். பெரியவர் பிரார்த்தனையை விட்ட இடத்திலிருந்து தொடர்வது கேட்டது.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் அத விட்டுடக் கூடாதா?"

"விட்டா சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"முடியட்டும். அப்பாவே போயாச்சு." சொல்லிவிட்டு அவளே அதைத் தாங்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. ஏதோ ஒரு இதுல வந்துடுச்சு," என்றாள்.

"அவர் சொன்னதுல தப்பில்ல. பெட்டி நின்னுபோச்சே."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

சாப்பிடவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தன் தலைப்பால் அவன் நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவன் திரும்பி வந்தபோது ஹாலில் ஒரு சலசலப்பு. காலையிலிருந்து அறையை விட்டு வெளியே வராத அத்தை வந்திருந்தாள். மூன்றாம் மாடி டீச்சர் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார். கூட்டம் விலகி, பெட்டிக்குப் போக வழி விட்டது. அத்தை அந்த வழியில் பாதி தூரம்தான் போனாள். பிறகு திரும்பித் தொட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு காட்டுது?"

"அம்மா, நீ வந்து உக்காரும்மா," என்றான் மச்சான்.

"உன்னக் கேக்கலப்பா. மாப்பிள்ள, எவ்வளவு?"

"இருபத்தொம்போது தாண்டிடுச்சு அத்த."

"முப்பது ஆச்சுன்னா பொழைக்காதுன்னு சொல்வாரே?"

"ஆமா அத்த."

அத்தைக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கும் என்று மாப்பிள்ளை ஒருநாளும் நினைத்ததில்லை. அடுப்படியில் நின்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஐஸ் போட்டா?"

"பாட்டிலோட போடலாம். நம்மகிட்ட இருந்தது..." அவன் சமையலறை வாசலில் நின்ற சித்தியைப் பார்த்துவிட்டு, "தீந்துபோச்சு அத்த," என்றான்.

அத்தை டீச்சரிடம் திரும்பினாள். "டீச்சர், ஒரு ஒத்தாச. என்னால மாடி ஏற முடியாது. உங்க வீட்ல, மத்த வீடுகள்ல எல்லாம், ஃப்ரிட்ஜ்ல ஒறஞ்ச தண்ணி இருந்தா குடுக்கச் சொல்றீங்களா?" ஹால் முழுதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மனுஷனுக்கு இனிமே நான் செய்ய ஒண்ணும் இல்ல. இதையாவது..." அதற்கு மேல் சொல்லவில்லை. போய் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் அந்தக் கட்டடத்தில் எல்லோருடைய பிள்ளைகளையும் அதட்டியவர். அவர் போய்க் கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்க முடியாது. முதலில் அவர் வீட்டுப் பாட்டில்கள் வந்தன. அப்புறம் கீழ்வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, முகம் மட்டுமே பழக்கமான வீடுகளிலிருந்தெல்லாம் வந்தன. ஜூஸ் பாட்டில், எண்ணெய் பாட்டில், வாயகன்ற ஊறுகாய் பாட்டில்கூட வந்தது. தனியாகக் குடியிருக்கும் ஒரு வாலிபன் கூச்சத்தோடு நின்றான். "என்கிட்ட தண்ணியெல்லாம் இல்லண்ணே. பட்டாணிதான் இருக்கு. பாக்கெட்டு பிரிக்கல. ஆகுமா?"

"ஆகும் தம்பி. தாராளமா ஆகும்."

மாப்பிள்ளை ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டுவிடவில்லை. சட்டென்று குளிர்ந்தாலும் மீன் தாங்காது. வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, இரண்டு பாட்டிலாக மிதக்கவிட்டான். மிச்சத்தைச் சித்தி ஃப்ரீசரில் அடுக்கி வைத்துக்கொண்டு, "அடுத்தது வேணுமா? அடுத்தது வேணுமா?" என்று கேட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்தது அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் கண்ணை நேராகப் பார்க்காமல் கொடுத்தாள். "பட்டாணிய மட்டும் கடைசில போடுங்க," என்றாள். அந்த வீட்டில் அன்றைக்கு யாரோ முதல்முதலாகச் சிரித்தார்கள். சிரித்தது அவன்தான் என்று பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

உபகாரம் என்றால் பெரிதாக ஏதோ செய்ய வேண்டும் என்று நினைத்து நாம் சும்மா இருந்துவிடுகிறோம். தெய்வம் அவ்வளவெல்லாம் கேட்பதில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார் என்றுதான் கேட்கிறது.

கோடு இருபத்தொன்பதுக்குக் கீழே வந்த சமயம் மாமாவோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவர் வந்தார். மாமாவைவிட வயதானவர், காது மந்தம். படியேறும்போது கீழ்வீட்டுக்காரர், மேலேதானே போகிறீர்கள் என்று ஒரு ஐஸ் பாட்டிலை அவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். எதற்கென்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. முன்னால் போனவர்கள் கையிலும் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். இந்தக் கட்டடத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். நேராகப் பெட்டிக்குப் போய், கண்ணாடி மூடியின்மேல், மாமாவின் கால்மாட்டில், பூமாலைகளுக்கு நடுவே பாட்டிலைப் பயபக்தியோடு வைத்தார். கை கூப்பினார். "போயிட்டு வாப்பா, வாத்தியாரே," என்றார். மாமா லிஃப்ட் கம்பெனியில் பலருக்கும் வாத்தியார்.

சிலர் குனிந்துகொண்டார்கள். பாட்டில் வியர்த்து, கண்ணாடிமேல் நீர் ஒழுகி ஓடியது. நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பார்வை வேறு பக்கம் போகிறவரைக்கும் மச்சான் அசையாமல் நின்றான். பிறகு பாட்டிலை எடுத்தான். தன் கைக்குட்டையால் அதன் அடிப்பக்கத்தைத் துடைத்தான். கண்ணாடிமேல் ஒழுகியிருந்த நீரையும் துடைத்தான். அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்தான்.

மாப்பிள்ளை கையை நீட்டினான். மச்சான் கொடுக்கவில்லை.

"எங்க போடணும்?"

"அந்த ஓரத்துல. மெதுவா விடுங்க மச்சான், மூடி மேல இருக்கட்டும்."

மச்சான் சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டு, பாட்டிலை அலுங்காமல் இறக்கினான். இன்ஸ்பெக்டர் விலகிப் போகாமல் அந்தக் குளிர்ச்சிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

வெயில் சாயும் நேரத்தில் இளைய மகள் வந்தாள். தோளிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் மாமாவின் பெட்டிமேல் விழுந்து அழுதாள். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தூக்குகிற நேரத்தில் மாப்பிள்ளை ஒதுங்கி நின்றான். மச்சான் கூட்டத்தில் யாரையோ தேடினான். அவனைக் கண்டதும், "இந்தப் பக்கம் வாங்க," என்று தன் எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். மாமா அவ்வளவு கனமாக இல்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தார்கள். பெட்டிக்காரர் ஏற்கெனவே வந்து பெட்டியை எடுத்துப் போயிருந்தார். ஹால் நடுவே அது இருந்த இடம் மட்டும் நீளமாக, ஈரமாகக் கிடந்தது. மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, தொட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, சில்லரின் தூசி வலையைக் கழற்றினான். குழாயடியில் கழுவினான். சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் தூசி போயிற்று. உதறி மாட்டினான். பிளக்கைச் செருகினான். முகப்பில் எண் எரிந்தது. இருபத்தெட்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சில்லர் ஓட ஆரம்பித்தது.

மீன்கள் இருந்தன. பாறையடியில் ஒளிந்திருந்து மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கிற சிவப்பு இறால் மட்டும் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. மாமா அதைச் சலூன்காரர் என்பார். மாப்பிள்ளை சின்ன வலையால் அதை எடுத்து, ஒரு காகிதத்தில் வைத்து மடித்தான். மச்சான் இதையெல்லாம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ஒண்ணுதானா?"

"இதுவரைக்கும். நாளைக்குப் பாத்தாத்தான் தெரியும்."

மச்சான் தரையில் உட்கார்ந்தான். குளித்த ஈரம் கைகளில் அப்படியே இருந்தது. உள்ளே சித்தி யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இது எப்ப நிக்கும்?"

"இருபத்தாறு வந்ததும் நிக்கும் மச்சான்."

"அதுவரைக்கும்?"

"ஓடிக்கிட்டே இருக்கும்."

மச்சான் தலையாட்டினான். எண் மாறுகிறதா என்று பார்ப்பவன் போல முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நகர்ந்து, சில்லரின் பக்கவாட்டுக் கம்பிவலைக்கு நேராகக் கையை நீட்டினான்.

"சூடா வருதே."

"தண்ணியில இருக்கற சூடுதான். அத எடுத்து வெளிய விடுது."

ஹாலில் காற்றே இல்லை. புழுக்கம் தாங்காமல் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மச்சான் கையை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.